குறையிற் பிறந்த கருவி

அறிவிப்பாளரின் குரலுக்குப் பின்னால் 'ஊம்' என்ற முரல்வு இடைவிடாது கேட்பது, பழைய வால்வு வானொலிப் பெட்டிகளை வைத்திருந்த நேயர்களுக்குப் புதிய அநுபவமன்று. திருத்துபவர் வருவார், பெட்டியின் பின்மூடியைக் கழற்றுவார், வற்றிப்போன ஒரு கொள்ளளவியை எடுத்தெறிந்து புதியதொன்றைப் பற்றவைப்பார். கடைத்தெருவில் அதற்குக் கண்டென்சர் என்று பெயர். அதன்பின் முரல்வு அடங்கிவிடும். குரல் மட்டும் தெளிவாகக் கேட்கும். அந்தச் சிறிய உறுப்பு அங்கே செய்துகொண்டிருந்த வேலை வடித்தல் என்பதாகும்.

வடித்தல் நம் வீடுகளில் நாள்தோறும் நிகழ்வதே. அரிதட்டு நுண்ணிய மாவைக் கீழே விட்டுக் கப்பியை மேலே நிறுத்திக்கொள்கிறது. பன்னாடை கள்ளை விட்டுக் கசடைப் பிடித்துக்கொள்கிறது. இவை பொருளின் பருமனைப் பார்த்துப் பிரிப்பவை. மின்வடியோ அதிர்வின் விரைவைப் பார்த்துப் பிரிக்கிறது. ஒரு செக்கனில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கையை மீடிறன் என்கிறோம். தமிழகத்தார் அதனை அதிர்வெண் என்பர். குறிப்பிட்ட ஓர் எல்லைக்குக் கீழ்ப்பட்ட மீடிறன்களுக்கு வழிவிட்டு, மேற்பட்டவற்றைத் தடுக்கும் அமைப்பே தாழ்மீடிறன் வடி. 'லோ பாஸ் பில்டர்' என்று பொறியியலாளர் சொல்வது இதனையே.

இக்கருவியை யாரோ ஒருவர் ஒருநாள் ஆய்வுகூடத்தில் அமர்ந்து ஆக்கிவிடவில்லை. முதலில் அது ஒரு கருவியாகவே தோன்றவில்லை; பெரும்பொருள் விழுங்கிய ஒரு குறையாகவே உலகுக்குத் தோன்றிற்று. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அக்குறையோடு மல்லாடியவர்களே ஈற்றில் அதனைக் கருவியாக மாற்றினர். அந்த வரலாறு தெரிந்துகொள்ளத் தக்கது.

முதலில், வடி எவ்வாறு தொழிற்படுகிறதென்று பார்ப்போம். அதற்கு வேண்டிய உறுப்புக்கள் இரண்டே. ஒன்று தூண்டி, அதாவது, இரும்பின் மீதோ வெறுமையாகவோ சுற்றப்பட்ட கம்பிச் சுருள். மற்றது கொள்ளளவி, நடுவே மின்கடத்தாப் பொருளை வைத்துப் பிரித்த இரண்டு உலோகத் தகடுகள்.

தேர்வடம் பிடித்தோர் ஒன்றறிவர். நிற்கும் தேரை அசைப்பதும் அரிது. ஓடும் தேரை நிறுத்துவதும் அரிது. தூண்டியிற் செல்லும் மின்னோட்டமும் அத்தன்மையதே. வடத்தை ஒரே திசையில் அமைதியாக இழுத்தால் தேர் நகர்ந்து செல்லும். முன்னும் பின்னுமாக விரைந்து விரைந்து இழுத்தாலோ அது நின்ற இடத்தை விட்டு அசையாது. அவ்வாறே மெல்ல மாறும் மின்னோட்டம் தூண்டியின் வழியே எளிதாகச் செல்கிறது. விரைந்து மாறும் ஓட்டம் தடுக்கப்படுகிறது.

கொள்ளளவியை வாய்க்காலின் ஓரத்திற் கட்டிய ஒரு தொட்டிக்கு ஒப்பிடலாம். வாய்க்காலில் நீர் மெல்ல உயருமாயின் தொட்டி நிரம்பும். பின்னர் நீரெல்லாம் வழமைபோற் கீழே செல்லும். சிற்றலைகள் அடுத்தடுத்து வருமாயின், அலை எழும்போது தொட்டி நீரை வாங்கிக்கொள்கிறது. தாழும்போது திருப்பிக் கொடுக்கிறது. ஆகவே தொட்டிக்கு அப்பால் அலை தெரிவதில்லை. நீரோட்டம் மட்டும் ஒருசீராகச் செல்கிறது.

ஓட்டம் செல்லும் பாதையிலே தூண்டியையும், அப்பாதைக்கும் நிலத்துக்கும் இடையே கொள்ளளவியையும் வைத்தால் வடி ஆயிற்று. வால்வு வானொலிப் பெட்டியிலே இதனைக் கணக்கிட்டே காட்டலாம். இலங்கையில் வீடுகளுக்கு வரும் ஆடலோட்டம் செக்கனுக்கு 50 சுற்றுடையது. முழு அலையையும் நேராக்கும்போது, கிடைக்கும் ஓட்டத்திலே செக்கனுக்கு 100 முறை ஏற்றத்தாழ்வு இருக்கும். முரல்வாகக் காதில் விழுவது அதுவே. 10 ஹென்றித் தூண்டி இந்த 100 சுற்று அதிர்வுக்கு ஏறத்தாழ 6,280 ஓம் எதிர்ப்புக் காட்டும். 16 மைக்கிரோபரட் கொள்ளளவியோ 100 ஓம் அளவே காட்டும். ஆகவே அதிர்வின் பெரும்பங்கு தூண்டியிலேயே நின்றுவிட, அறுபதில் ஒரு பங்கே அப்பாற் செல்கிறது. ஏற்றத்தாழ்வில்லாத நேரோட்டத்துக்கோ இந்த எதிர்ப்பு இல்லை. கம்பியின் சாதாரண தடை மாத்திரமே உண்டு.

மனிதர் இவ்வாறு திட்டமிட்டு வடிகளை அமைப்பதற்கு நெடுங்காலம் முன்னரே, ஒருவரும் விரும்பாத வடியொன்று கடலடியிற் கிடந்தது. 1858ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அயர்லாந்தின் வலென்சியாத் தீவிலிருந்து நியூபவுண்ட்லாந்து வரை அத்திலாந்திக் மாகடலின் அடியிலே முதன்முதலாகத் தந்தி வடம் இடப்பட்டது. இரு கண்டங்களும் இணைந்தனவென்று மக்கள் ஆரவாரித்தனர். விக்டோரியா மகாராணி அமெரிக்க ஜனாதிபதிக்கு 98 சொற்கள் கொண்ட வாழ்த்துச் செய்தியை அனுப்பினார். அச்செய்தி போய்ச் சேர்வதற்கு ஏறத்தாழ 16 மணி நேரம் சென்றது. ஒரு சொல்லுக்குப் பத்து நிமிடம் என்க.

இந்தத் தாமதத்துக்குக் காரணம் என்ன? வடத்தின் நடுவே செப்புக் கம்பி. அதனைச் சுற்றிக் குட்டாப்பேர்ச்சா என்னும் மரப்பாலுறை. அதற்கு வெளியே கடல்நீர். கடத்தி, கடத்தாப் பொருள், மீண்டும் கடத்தி என்ற இவ்வமைப்பு ஒரு கொள்ளளவியன்றி வேறன்று. அதுவும் ஏறத்தாழ 2,000 மைல் நீண்ட கொள்ளளவி! கம்பியின் தடையும் இந்தக் கொள்ளளவும் சேர்ந்து, ஒரு முனையிற் கூர்மையாகத் தொடங்கிய துடிப்பை மறுமுனையில் மெல்லெழுந்து மெல்லத் தணியும் வீக்கமாக மாற்றிவிட்டன. ஒரு துடிப்பு அடங்குமுன் அடுத்ததை அனுப்பினால் இரண்டும் கலந்து பொருளற்றுப் போயின. கூர்மையான துடிப்பு என்பது உயர்ந்த மீடிறன்களின் சேர்க்கை. அவற்றை வடம் விழுங்கிவிட்டது.

இது நேருமென்று வில்லியம் தொம்சன் என்னும் கிளாஸ்கோப் பேராசிரியர் 1854, 1855ஆம் ஆண்டுகளிலேயே கணித்திருந்தார். பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று உலகறிந்தவர் இவரே. இரும்புக் கோலின் ஒரு முனையைச் சுடவைத்தால் வெப்பம் மறுமுனைக்கு எங்ஙனம் மெல்லப் பரவுமோ, அங்ஙனமே வடத்தில் மின்னும் பரவும் என்றார். வடத்தின் நீளம் இருமடங்கானால் தாமதம் நான்கு மடங்காகும் என்பதும் அவர் கண்ட முடிவு. கம்பெனியின் மின்னியலாளரான வைல்ட்மன் வைற்ஹவுஸ் இதனை ஏற்றுக்கொள்ளவில்லை. வலிமை போதாமையே குறையென்று எண்ணி, ஏறத்தாழ 2,000 வோல்ற்று மின்னழுத்தத்தை அவர் வடத்தில் ஏற்றினார். முன்பே பழுதுற்றிருந்த காப்புறை இதனால் மேலும் கெட்டது. சில வாரங்களில், செப்டெம்பர் மாதத்திலேயே, வடம் ஊமையாயிற்று. தடித்த கம்பியும் தடித்த உறையும் கொண்டு, தொம்சனின் கணக்குக்கேற்ப ஆக்கிய வடம் 1866இல் இடப்பட்டபோது, நிமிடத்துக்கு ஏறத்தாழ 8 சொற்கள் சென்றன.

1876இல் தொலைபேசி வந்ததும் தொல்லை இன்னும் பெருகிற்று. தந்தி மெல்லச் சென்றாலும் பொருள் விளங்கும், குரல் அவ்வாறன்று. பேச்சை விளங்கிக்கொள்ளச் செக்கனுக்கு 300 முதல் 3,400 வரையான மீடிறன்கள் வேண்டும். கம்பி நீள நீள இவற்றில் உயர்ந்தவை முன்னதாகத் தேய்ந்தன. தகரம், சகரம் போன்ற ஒலிகளின் கூர்மை அழிந்து, போர்வைக்குள் இருந்து பேசுவார் குரல்போல் மறுமுனையிற் கேட்டது.

இதற்கு மருந்து கண்டவர் லண்டன் மாநகரின் எளிய குடும்பமொன்றில் 1850இற் பிறந்த ஒலிவர் ஹெவிசைட். இளமையிற் கண்ட செங்காய்ச்சலாற் செவிப்புலன் குன்றியவர். பல்கலைக்கழகத்தின் வாயிலை மிதியாதவர். சில ஆண்டுகள் தந்தி ஊழியராக இருந்து, 24 வயதில் அவ்வேலையையும் விட்டுத் தாமாகவே கணிதம் கற்றவர். தடை, கசிவு, கொள்ளளவம், தன்தூண்டல் என்னும் நான்கும் ஒரு குறித்த விகிதத்தில் அமையுமாயின், எல்லா மீடிறன்களும் ஒரே வேகத்தில், ஒரே அளவு தேய்வோடு செல்லும். ஆகவே குரலின் உருக்கெடாது என்று அவர் 1887இல் நிறுவினார். வழக்கிலிருந்த கம்பிகளில் தன்தூண்டலே குறைவு. அதனைக் கூட்டுதல் வேண்டும் என்பது அவர் கண்ட மருந்து.

இது அக்காலத்தார் கருத்துக்கு நேர்மாறானது. பிரித்தானியத் தபாற் பகுதியின் மின்னியலாளரான வில்லியம் பிறீஸ், தன்தூண்டல் தொலைபேசிக்குப் பகையென்று சாதித்தவர். ஹெவிசைட்டும் அவரது தமையனாரும் சேர்ந்தெழுதிய கட்டுரை அவரது எதிர்ப்பால் வெளிவராது தடைப்பட்டது. 'எலெக்ரீசியன்' என்னும் இதழில் ஹெவிசைட் எழுதிவந்த தொடரும் 1887இல் நின்றுபோயிற்று. அவர் கண்ட உண்மையைப் பத்தாண்டுகளுக்கு மேலாக எவரும் தொலைபேசிக் கம்பியில் இட்டுப் பார்க்கவில்லை.

அதைச் செய்ய முற்பட்டவர் அமெரிக்காவில் இருவர். ஒருவர், பொஸ்டன் நகரில் பெல் கம்பெனியின் பொறியியலாளராக 1897இற் சேர்ந்த ஜோர்ஜ் காம்பெல். மற்றவர், இன்றைய சேர்பியாவைச் சேர்ந்த இட்வோர் என்னும் சிற்றூரிற் பிறந்து, கையிற் காசின்றி அமெரிக்கா வந்து, கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியராக உயர்ந்த மைக்கேல் பூப்பின். கம்பி நெடுகத் தன்தூண்டலைப் பரப்புவது செலவுமிக்கது. அதற்குப் பதிலாக, ஒத்த இடைவெளிகளிற் சுருள்களை வைத்தாலென்ன என்று இருவரும் தனித்தனியே எண்ணினர். எத்தனை மைலுக்கு ஒரு சுருள், அது எவ்வளவு பெரிதாக இருத்தல் வேண்டும் என்பதே கேள்வி. இருவரும் விடை கண்டனர். 1900ஆம் ஆண்டு பொஸ்டன் நகரிற் காம்பெலின் சுருள்கள் இட்ட கம்பியிற் பேச்சு நிகழ்ந்தது. ஆயினும் காப்புரிமை வழக்கிற் பூப்பின் வென்றார். கம்பெனி அவருக்கு ஆண்டுகள்தோறும் கொடுத்துவந்த தொகை மொத்தம் 4 இலட்சம் டொலருக்கு மேற்பட்டது. மூலக் கருத்தை உலகுக்குத் தந்த ஹெவிசைட்டோ, 1896 முதல் ஆண்டுக்கு 120 பவுண் அரசாங்க உதவிப்பணத்தில் வாழ்ந்துகொண்டிருந்தார்.

வழக்கிற் தோற்ற காம்பெல் கணக்கிற் தோற்கவில்லை. சுருளிட்ட கம்பியைத் துருவி ஆராய்ந்தபோது அதில் வேறொரு குறை இருப்பதை அவர் கண்டார். ஒரு நீண்ட கயிற்றில் ஒத்த இடைவெளியில் ஈயக்குண்டுகளைக் கட்டி, ஒரு முனையை மெல்ல அசைத்தால் அலை மறுமுனை வரை செல்லும். அசைவை விரைவாக்க அலைகள் குறுகிக்கொண்டே வரும். ஓர் அலையின் பாதி நீளம் இரு குண்டுகளுக்கிடைப்பட்ட தூரத்துக்குச் சமமாகும் நிலை வந்ததும் அலை மேற்செல்லாது; கையருகேயே நின்று தேய்ந்துவிடும். சுருளிட்ட கம்பியிலும் இதுவே நிகழ்கிறது. ஓர் எல்லை வரை எல்லா மீடிறன்களும் நன்றாகச் செல்கின்றன. எல்லையைத் தாண்டியதும் திடீரென வாயில் அடைபடுகிறது. பழைய கடல்வடம் சிறிது சிறிதாகத் தேய்த்தது. சுருளிட்ட கம்பியோ கத்தியால் வெட்டினாற்போல் வெட்டிற்று.

இக்கணக்குகளைக் காம்பெல் 1903இல் வெளியிட்டார். பேச்சுக்கு வேண்டிய மீடிறன்களெல்லாம் எல்லைக்குள் அடங்குமாறு சுருள்களை நெருக்கி வைத்தாற் போதும். குறை பேசுவோர் காதுக்கு எட்டாது. வேறொருவராயின் அத்துடன் நின்றிருப்பார். காம்பெல் அக்குறையையே திருப்பிப் பார்த்தார். எல்லைக்கு மேற்பட்டதைத் தடுக்கும் ஆற்றல் கம்பிக்கு வேண்டாத குணமாயின், அக்குணமே வேண்டப்படும் இடம் ஒன்று இருக்குமன்றோ? மைல்களை நீக்கிவிட்டு, சுருளையும் கொள்ளளவியையும் ஏணிப்படிபோல் அடுத்தடுத்து இணைத்து ஒரு சிறு பெட்டிக்குள் அடைத்தால், கம்பி செய்யும் அதே வெட்டைப் பெட்டி செய்யும். அதுவே தாழ்மீடிறன் வடி. தூண்டியையும் கொள்ளளவியையும் இடம்மாற்றினால் உயர்ந்தவற்றை விட்டுத் தாழ்ந்தவற்றைத் தடுக்கும் வடி. இரண்டையும் தக்கவாறு கூட்டினால் நடுவிலுள்ள ஒரு பட்டைக்கு மாத்திரம் வழிவிடும் வடி. காம்பெல் 1915இற் கோரிய காப்புரிமை 1917இல் அவருக்குக் கிடைத்தது. அதே 1915இல் ஜெர்மனியிற் கார்ல் வில்லி வாக்னரும் இம்முடிவைத் தனித்தே கண்டிருந்தார். உலகப் போர் நடந்த காலமாதலின் ஒருவரை ஒருவர் அறிந்திலர்.

வடியாற் கிடைத்த பயன் விரைவில் விளங்கிற்று. 1918இல் பால்ரிமோர், பிட்ஸ்பேர்க் நகரங்களுக்கிடையே ஒரே சோடிக் கம்பியில், வழமையான பேச்சுக்கு மேலாக நான்கு உரையாடல்கள் ஏககாலத்திற் சென்றன. ஒவ்வோர் உரையாடலும் வெவ்வேறு மீடிறன் உயரத்துக்குத் தூக்கி அனுப்பப்பட்டது. மறுமுனையிலே வடிகள் அவற்றைப் பிரித்து உரியவர் காதிற் சேர்த்தன. ஒரு கம்பி ஐந்து கம்பியாயிற்று. செப்பை மிச்சம்பிடித்த இப்பொருளாதாரமே வடிக் கணிதம் வளர்வதற்குக் காரணமாயிற்று.

1923இல் ஒட்டோ சோபெல், வடிகளைத் தேவைக்கேற்ப வடிவமைக்கும் முறைகளைத் தொகுத்துத் தந்தார். 1930இல் பிரித்தானியரான ஸ்ரீபன் பட்டர்வேர்த், வழிவிடும் பகுதி முழுவதிலும் இயன்றவரை சமமாக வழிவிடும் வடியைக் கணித்தார். அவர் பெயராலேயே அது இன்றும் வழங்குகிறது. பேர்லினைச் சேர்ந்த வில்ஹெல்ம் கவுவர், எல்லையில் மிகக் கூர்மையாக வெட்டும் வடிகளுக்குக் கணிதம் வகுத்தார். அவர் 1945 ஏப்ரில் 22ஆம் நாள், போரின் கடைசி நாட்களில், பேர்லினிலே சோவியத்துப் படையினராற் சுட்டுக்கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 44. இவர்கள் கண்ட பொதுவுண்மை ஒன்று: குறையில்லாத வடி இல்லை. கூர்மையாக வெட்டினால் வழிவிடும் பகுதியில் சிற்றலைபோன்ற ஏற்றத்தாழ்வு நேரும். ஏற்றத்தாழ்வை நீக்கினால் வெட்டு மழுங்கும். எதை இழக்கலாம் என்பதை வேலைக்கேற்பப் பொறியியலாளரே தெரிந்துகொள்ளல் வேண்டும்.

வானொலியிற் குரல் பிறப்பதற்கும் இவ்வடி வேண்டும். மத்திய அலையில் நிலையமொன்று அனுப்பும் ஊர்தியலை செக்கனுக்கு ஏறத்தாழப் பத்து இலட்சம் முறை அதிர்வது. பெட்டிக்குள்ளே அவ்வலையை ஒருபுறமாக நறுக்கியபின், ஒரு தடையும் சிறிய கொள்ளளவியும் சேர்ந்த வடி, ஊர்தியலையை விலக்கிக் குரலை மட்டும் எடுத்துக்கொள்கிறது. தாழ்ந்த சுரங்களை மாத்திரம் பெரிய ஒலிபெருக்கிக்கு அனுப்புவதும், இதயத்துடிப்பைப் பதிவுசெய்யும் கருவியில் தசைநடுக்கத்தின் விரைந்த அதிர்வைக் குறைப்பதும் தாழ்மீடிறன் வடியே. கனத்த சுருள்கள் எல்லா இடத்துக்கும் ஏற்றவையல்ல. 1955இல் அமெரிக்கரான சலனும் கீயும், சுருளே இன்றி, பெருக்கியோடு தடையும் கொள்ளளவியும் மாத்திரம் கொண்டு வடி அமைக்கும் வழியைக் காட்டினர்.

குரலை எண்களாக மாற்றும் காலம் வந்தபோது வடியின் முதன்மை இன்னும் உயர்ந்தது. அலையை எண்ணாக்குவதென்றால், செக்கனுக்குப் பன்முறை அதன் உயரத்தை அளந்து குறித்தல் வேண்டும். அளக்கும் எண்ணிக்கை, உள்ள மிகவுயர்ந்த மீடிறனின் இருமடங்குக்கு மேலாக இருத்தல் வேண்டும். 1928இல் நைக்குவிஸ்ட் தந்த விதையிலிருந்து 1949இல் ஷனன் தெளிவாக நிறுவிய தேற்றம் இது. திரைப்படத்தில் விரைந்து முன்னோடும் வண்டியின் சில்லு சிலவேளை பின்னோக்கிச் சுழல்வதுபோலத் தோன்றுவது, இவ்விதி மீறப்படுவதன் விளைவே. தொலைபேசியில் குரலைச் செக்கனுக்கு 8,000 முறை அளக்கின்றனர். அங்கே 7,000 அதிர்வுள்ள ஓரொலி நுழைந்துவிட்டால், அது 1,000 அதிர்வுள்ள ஒலியாக வேடமிட்டுப் பேச்சோடு கலந்துவிடும். கலந்தபின் பிரிக்க வழியே இல்லை. ஆகவே அளப்பதற்கு முன்னரே வாயிலில் ஒரு தாழ்மீடிறன் வடி காவல் நிற்கிறது. 1982இல் விற்பனைக்கு வந்த இசைத்தட்டில் 44,100 முறை அளக்கப்படுவதும் இக்கணக்கைக் கொண்டே. மனிதச் செவி கேட்கும் எல்லை ஏறத்தாழ 20,000.

எண்ணாகிய பின்னர் வடியும் எண்களாலேயே அமையலாம். நாள்தோறும் அளந்த மழைவீழ்ச்சிக்குப் பதிலாக ஏழு நாட் சராசரியைக் குறித்துக்கொண்டு போனால், ஒருநாட் பெருமழையின் துள்ளல் அடங்கிப் பருவத்தின் போக்குத் தெரியும். அந்தச் சராசரியும் ஒரு தாழ்மீடிறன் வடியே. அதில் தூண்டியுமில்லை, கொள்ளளவியுமில்லை. கூட்டலும் பிரித்தலும் மாத்திரம்.

ஹெவிசைட்டின் பெயர் வேறொரு வழியில் வானொலியோடு இணைந்தது. வானொலி அலைகளைத் திருப்பி அனுப்பும் மின்படை வளிமண்டலத்தின் மேலே உண்டென்று 1902இல் அவரும் கெனலியும் தனித்தனியே கூறினர். பிரித்தானிய மின்பொறியியலாளர் கழகம் தனது பரடே பதக்கத்தை 1922இல் முதன்முதலாக அவருக்கே வழங்கிற்று. மூன்றாண்டுகளின் பின் அவர் மறைந்தார். காம்பெலுக்கு 1936இலும் 1940இலும் அமெரிக்கப் பொறியியலாளர் சங்கங்களின் உயர்ந்த பதக்கங்கள் கிடைத்தன.

சுருள்களின் கதை இன்னும் ஒரு திருப்பத்தைக் கண்டது. 1990களின் பின் தொலைபேசிக் கம்பி வழியே இணையத்தை வீடுகளுக்குக் கொண்டுவர முற்பட்டபோது, தரவுகள் குரலுக்கு மேலான, செக்கனுக்கு 25,000க்கு மேற்பட்ட மீடிறன்களிற் செல்லவேண்டியிருந்தது. பழைய கம்பிகளிற் கிடந்த சுருள்கள் அவற்றை வாயிலிலேயே வெட்டின. காம்பெல் கணித்த எல்லை ஒரு நூற்றாண்டின் பின்னும் பிசகாது நின்றது! ஆகவே சுருள்களைத் தேடித்தேடி அகற்ற வேண்டியதாயிற்று. அதேவேளை, தரவின் இரைச்சல் பேசுவோர் காதிற் கேளாதபடி, வீட்டுத் தொலைபேசியின் முன்னே ஒரு சிறிய பெட்டியை மாட்டினர். குரலுக்கு மாத்திரம் வழிவிட்டு, அதற்கு மேற்பட்டதைத் தடுக்கும் பெட்டி அது. கம்பியின் நடுவே குறையென்று கழற்றப்பட்ட அதே குணம், கம்பியின் முனையிலே கருவியென்று மாட்டப்பட்டது.